பலா முள்ளில் ஒரு கணக்குப் பாடம்

ஒரு பலாப்பழத்தை வெட்டாமலேயே உள்ளே எத்தனை சுளை இருக்கிறது என்று சொல்ல முடியுமா?

முடியும் என்கிறது ‘கணக்கதிகாரம்’. காரி நாயனார் எழுதிய பழைய தமிழ்க் கணக்கு நூல் அது. வழி ரொம்ப எளிது. காம்பை ஒட்டியிருக்கும் சிறு முட்களை எண்ண வேண்டும். வந்த எண்ணை ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். கிடைப்பதுதான் சுளைக் கணக்கு. 50 முள் இருந்தால், ஆறால் பெருக்க 300. ஐந்தால் வகுக்க 60. ஆக, பழத்துக்குள் 60 சுளை.

நிஜமாகவே அப்படி வருமா? அதைக் கண்டுபிடிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். வெட்டுவதற்கு முன்னால் ஒருவர் முள்ளை எண்ணட்டும். இன்னொருவர் கணக்குப் போட்டு விடையைச் சுவரில் எழுதி வைக்கட்டும். பழத்தை வெட்டி, சுளையை எண்ணி எண்ணித் தின்றால் முடிந்தது சோதனை. விடை பொருந்தினால் கைதட்டல். பொருந்தாவிட்டால் இன்னும் நல்லது. “ஏன் பொருந்தல? அடுத்த பழத்துலயும் பார்ப்போமா?” என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி வந்த இடத்தில்தான் அறிவியல் தொடங்குகிறது.

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் 14 நாடுகள் உண்டு. அதில் ஒன்று திருப்புலி நாடு. பலாவும் மிளகும் காப்பியும் அன்னாசியும் விளைகிற மலை இது. இங்கே ஒரு வீட்டில் பலாப்பழம் வெட்டுவது அதிசயமான விஷயம் அல்ல. ஆனால் அந்தப் பழத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பெருக்கலும் வகுத்தலும் அங்கேயே கிடைக்கும் என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. பாடம் என்றால் புத்தகத்தில் இருப்பது, புத்தகம் என்றால் பள்ளிக்கூடத்தில் இருப்பது என்றே நாம் பழகிவிட்டோம்.

பள்ளி மூடிய 19 மாதங்கள்

அந்தப் பழக்கம் எவ்வளவு பெரிய சிக்கல் என்பது கொரோனா காலத்தில்தான் தெரிந்தது. 2020 மார்ச்சில் தமிழகப் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு மறுபடி கதவு திறந்தது 2021 நவம்பர் 1-ம் தேதி. இடையில் ஏறக்குறைய 19 மாதங்கள்.

நகரத்துப் பிள்ளைகளுக்கு மொபைலில் வகுப்பு நடந்தது. மலைக்கிராமங்களில் சிக்னல் கிடைக்கும் மேட்டைத் தேடி நடக்க வேண்டியிருந்தது. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஒளிபரப்பானது. ஆனால் டிவி கேள்வி கேட்டால் பதில் சொல்லாது. வருமானம் நின்றுபோன பல ஏழைக் குடும்பங்களில் பிள்ளைகள் பெரியவர்களோடு வேலைக்குப் போனார்கள். சிலர் திரும்பிப் பள்ளிக்கு வரவே இல்லை.

“எனக்கே எழுதப் படிக்கத் தெரியாது. நான் எங்கே பிள்ளைக்குச் சொல்லித் தர்றது?” அந்த நாட்களில் எத்தனையோ அம்மாக்கள் சொன்ன வார்த்தை இது. இன்றும் சொல்கிறார்கள். படித்த அம்மாக்களுக்கும் வேறு வடிவத்தில் இதே தயக்கம் உண்டு. “எனக்கு டீச்சிங் வராதுங்க. புள்ளைக்கும் எனக்கும் சண்டைதான் வரும்.”

இருவருக்கும் சேர்த்து ஒரு பதில் உண்டு. வீட்டைப் பள்ளிக்கூடமாக மாற்றத் தேவையில்லை. வீட்டில் ஏற்கெனவே நடக்கும் வேலைக்குள், பேச்சுக்குள், சாப்பாட்டுக்குள் இருக்கும் பாடத்தை அடையாளம் கண்டு, அதை நோட்டுப் புத்தகத்தோடு முடிச்சுப் போட்டால் போதும். அந்த முடிச்சைப் போட பட்டம் தேவையில்லை. கொஞ்சம் நேரமும் நிறைய பொறுமையும் வேண்டும்.

திண்ணையில் மீண்ட படிப்பு

இப்படிச் செய்தால் பலன் இருக்குமா? தமிழகமே அதற்கு ஒரு சாட்சி. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் தொடங்கப்பட்டது. ஊரிலேயே இருக்கும் தன்னார்வலர் ஒருவர், சுமார் 20 பிள்ளைகள், மாலையில் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம். அவ்வளவுதான் ஏற்பாடு. தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. வீட்டுத் திண்ணை, கோயில் மண்டபம், மரத்தடி என்று கிடைத்த இடத்தில் பாட்டும் கதையும் விளையாட்டுமாகப் பாடம் நடந்தது.

தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு, இதன் பலனை அளந்து பார்த்தது. 2021 டிசம்பரில் பிள்ளைகள், 2019-ல் அதே வயதில் இருந்தவர்களைவிடக் கணக்கிலும் மொழியிலும் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். கணக்கில் இழப்பு அதிகம். ஆனால் பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியின் பங்கு என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா திண்ணையில் உட்கார்ந்து நடத்திய ஒரு மணி நேரத்துக்கு அவ்வளவு வலு இருந்திருக்கிறது. அப்படியானால் அம்மாவும் தாத்தாவும் பாட்டியும் தரும் அரை மணி நேரத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை.

சந்தையில் புலி, நோட்டில் பூனை

சந்தையில் அம்மாவோடு அன்னாசி விற்கும் ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று பழத்துக்குக் காசு வாங்கி, ஐந்நூறு ரூபாய்த் தாளுக்குச் சரியாகச் சில்லறை தரும். அதே பிள்ளை வகுப்பில் கழித்தல் கணக்கில் திணறும். “கணக்கு வராத பிள்ளை” என்று பெயரும் வாங்கும்.

இந்த முரண்பாட்டைப் பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரத்தில் மூன்று ஆய்வாளர்கள் சோதித்தார்கள். 1985-ல் வெளியான ஆய்வு அது. தெருவில் பொருள் விற்ற ஐந்து சிறுவர் சிறுமியரிடம், வாடிக்கையாளர்போல் நின்று கணக்குக் கேட்டார்கள். 98 சதவீதம் சரியான விடை. அதே கணக்குகளை வெறும் எண்களாகக் காகிதத்தில் கொடுத்தபோது சரியானவை 37 சதவீதம் மட்டுமே. கதைபோல் சொல்லிக் கொடுத்தபோது 74 சதவீதம்.

அதில் 12 வயதுச் சிறுவன் ஒருவனிடம், ஒரு தேங்காய் 35 என்றால் பத்துத் தேங்காய் எவ்வளவு என்று கேட்டார்கள். அவன் பூஜ்ஜியம் சேர்க்கவில்லை. மூன்று தேங்காய் 105, இன்னொரு மூன்று சேர்த்தால் 210, இன்னும் நான்கு வேண்டும், 315, பிறகு 350 என்று கூட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தான். பள்ளி சொல்லித் தராத வழி. ஆனால் பிசகில்லாத வழி.

அண்மையில், 2025-ல், டெல்லி, கொல்கத்தா சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் நடந்த பெரிய ஆய்விலும் இதே நிலைதான் வெளிப்பட்டது. சந்தையில் கணக்கில் புலிகளாக இருப்பவர்கள் காகிதத்தில் தடுமாறினார்கள். பள்ளிக்கூடத்தில் நன்றாகக் கணக்குப் போடும் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறினார்கள். இரண்டு கரையிலும் அறிவு இருக்கிறது. நடுவில் பாலம் இல்லை.

அந்தப் பாலத்தை வீட்டில் கட்டலாம். சந்தையிலிருந்து திரும்பிய மாலை, “இன்னிக்கு அந்த அண்ணனுக்கு எவ்வளவு சில்லறை குடுத்தே? எப்படிக் கண்டுபிடிச்சே?” என்று கேட்க வேண்டும். பிள்ளை வாயால் சொல்லட்டும். சொன்னதை அப்படியே நோட்டில் எழுதட்டும். பிறகு அதே கணக்கைப் பள்ளி எழுதும் முறையில் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும். இரண்டும் ஒரே விடைதான் என்று கண்ணால் பார்க்கும் பிள்ளைக்குக் கணக்கின் மேல் இருந்த பயம் குறையத் தொடங்கும்.

பச்சை மிளகு பறிக்கும் காலமாக இருந்தால் இன்னொரு விளையாட்டு உண்டு. ஒரு கிலோ பச்சை மிளகைத் தனியாக எடை போட்டுக் காய வைக்கச் சொல்லலாம். தினமும் எடை பார்த்து எழுத வேண்டும். நன்கு காய்ந்த பிறகு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். பின்னம், வரைபடம், ஆவியாதல் மூன்றும் ஒரே பாயில் காய்கின்றன. மிளகு இல்லாத ஊரில் மிளகாயை வைத்தும் இதைச் செய்யலாம். எடை எவ்வளவு குறைகிறது என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.

ஓர் எச்சரிக்கையும் இங்கே தேவை. பிள்ளையை நாள் முழுக்க வேலை வாங்கிவிட்டு அதற்கு ‘வாழ்க்கைக் கல்வி’ என்று பெயர் வைப்பது ஏமாற்று. பத்து நிமிட வேலை, இருபது நிமிடப் பேச்சு, பிறகு விளையாட்டு. இந்த வரிசை மாறக் கூடாது.

முளைக்காத சாமை

கொல்லிமலை மக்களின் பழைய சோறு சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு. மரவள்ளி வந்த பிறகு இவற்றின் பரப்பு சுருங்கியது. சாமையில் மட்டும் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை என்று பல ரகங்களை இந்த மலையின் உழவர்கள் பிரித்துப் பெயரிட்டு வைத்திருந்தார்கள். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே பல ஆண்டுகள் தங்கி, இந்த ரகங்களைப் பதிவு செய்யவும் காப்பாற்றவும் வேலை செய்தது. ஒரு பாட்டி உள்ளங்கையில் தானியத்தை வைத்துப் பார்த்தே ரகம் சொல்வார் என்றால், அவர் செய்வது தாவரவியல் வகைப்பாடு. பாடப்புத்தகத்தில் அது பல பக்கம் நீளும்.

முறத்தில் சாமை, தினை, கேழ்வரகு மூன்றையும் ஒரு கைப்பிடி கலந்து, சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். நிறத்தால் பிரிப்பது முதல் ஆட்டம். கண்ணைக் கட்டிக்கொண்டு விரலால் தடவிப் பிரிப்பது இரண்டாவது ஆட்டம். பிரித்த தானியங்களைப் பசையால் ஒட்டி மயிலோ மரமோ செய்வது மூன்றாவது. பென்சில் பிடிக்கப் பழகும் வயதில் இந்த விரல் வேலை எழுத்துக்கு நல்ல பயிற்சி.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு முளைப்புச் சோதனை. மூன்று கொட்டாங்குச்சி, கொஞ்சம் மண். ஒன்றில் தோல் நீக்காத சாமை விதை பத்து. இரண்டாவதில் கடையில் வாங்கிய சாமை அரிசி பத்து. மூன்றாவதில் கேழ்வரகு பத்து. தினமும் தண்ணீர் தெளித்து, எத்தனை முளைத்தன என்று எழுத வேண்டும். பத்தில் எட்டு முளைத்தால் எண்பது சதவீதம். சதவீதக் கணக்கு அங்கேயே வந்துவிட்டது.

சாமை அரிசி பொதுவாக முளைக்காது. கேழ்வரகு முளைக்கும். ஏன்? சாமையின் உமியை நீக்கி அரிசியாக்கும்போது முளைக்கும் பகுதி அடிபட்டுவிடுகிறது. கேழ்வரகை மேல்தோலோடு அப்படியே சாப்பிடுகிறோம். இந்தப் பதிலை உடனே சொல்லிவிடக் கூடாது. நான்கு நாள் காத்திருந்து, பிள்ளையே தலையைச் சொறிந்து, ஆயிரம் காரணம் சொல்லி, பிறகு தெரிந்துகொள்ளும் விடை ஆயுளுக்கும் மறக்காது.

ஊதிப் பெருக்கும் சிப்ஸ் பாக்கெட்

கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலா வருபவர்களுக்கு அது பயம். பிள்ளைகளுக்கு அது ஓர் ஆய்வுக்கூடம்.

அடிவாரத்தில் ஒரு சிப்ஸ் பாக்கெட் வாங்கி, பிரிக்காமல் கையில் வைத்திருக்கச் சொல்லலாம். வளைவுகள் ஏற ஏற அது மெல்ல உப்பும். பாக்கெட்டுக்குள் இருக்கும் காற்று அடிவாரத்துக் காற்று. மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. உள்ளே இருப்பது வெளியே தள்ளுகிறது. காது அடைத்துக்கொள்வதும் இதே காரணத்தால்தான். இறங்கும்போது காலி தண்ணீர் பாட்டிலை மேலேயே இறுக மூடி எடுத்து வந்தால், அடிவாரத்தில் அது நசுங்கியிருக்கும்.

இதே அழுத்தம் சமையலறையிலும் வேலை காட்டுகிறது. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். 1,200 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிற தண்ணீரின் சூடு குறைவு என்பதால் பருப்பு வேகக் கூடுதல் நேரம் ஆகும். சமவெளியில் இருக்கும் அத்தைக்குப் போன் போட்டு, “உங்க வீட்டுல துவரம் பருப்பு வேக எவ்வளவு நேரம்?” என்று பிள்ளை கேட்கட்டும். மூடி போட்ட சாதாரணப் பாத்திரம், ஒரே அளவு பருப்பு, ஒரே அளவு தண்ணீர். குக்கர் கூடாது. ஏன் கூடாது என்பது அடுத்த கேள்வி.

மழை அளப்பது இன்னும் சுலபம். பக்கங்கள் நேராக இருக்கும் ஒரு டப்பாவைத் திறந்த வெளியில் வைத்து, நின்ற தண்ணீரை அளவுகோலால் அளந்தால் போதும். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர். வீட்டுக் கூரையின் நீள அகலத்தை அளந்தால், அன்றைய மழையில் கூரை மேல் எத்தனை குடம் தண்ணீர் விழுந்தது என்று பிள்ளையே சொல்லிவிடும். தண்ணீருக்கு நடக்கிற வீட்டில் அந்த விடை வெறும் எண்ணாக இருக்காது.

ஓர் அம்பு, ஐந்து விலங்கு

கணக்கும் அறிவியலும் போதுமா? கதை இல்லாத பிள்ளைப் பருவம் உப்பில்லாத சோறு.

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி கடையெழு வள்ளல்களில் ஒருவர். அவர் எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, காட்டுப் பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் போய்த் தைத்ததாக வன்பரணர் பாடிய புறநானூற்றுப் பாடல் ஒன்று சொல்கிறது. ஆடி மாதத்தில் மலையில் ஓரி விழாவும் நடக்கிறது.

இதை மனப்பாடம் செய்ய வைத்தால் பத்து நாளில் மறந்துவிடும். ஐந்து கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு விலங்காக வரையச் சொன்னால் வரிசை மறக்காது. அதன் பிறகு ஒரு விவாதம் வைக்கலாம். “ஒரே அம்பு அஞ்சு மிருகத்துல பாயுமா? புலவர் ஏன் அப்படிப் பாடினார்?” அண்ணன் ஒரு கட்சி, தங்கை ஒரு கட்சி. தாத்தா நடுவர். “உடும்போட பக்கத்துல நின்னு இதைப் பார்த்த எறும்பு என்ன சொல்லியிருக்கும்?” என்று கேட்டால், அது ஒரு கட்டுரைப் பயிற்சியாகவே மாறிவிடும்.

திருப்புலி நாட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு வேலையும் கொடுக்கலாம். தங்கள் நாட்டின் பெயருக்குள் ஒரு புலி உட்கார்ந்திருக்கிறதே, அது எப்படி வந்தது? ஊரில் உள்ள பெரியவர்கள் ஐந்து பேரிடம் கேட்டு வரட்டும். ஐந்து பேரும் ஐந்து கதை சொல்லலாம். யார் சொன்னார், எப்போது கேட்டார், எதில் எல்லாக் கதையும் ஒத்துப்போகிறது என்று எழுதிவைத்தால் அது வரலாறு எழுதும் முறையின் முதல் படி. மொபைல் இருந்தால் பெரியவர்களின் குரலைப் பதிவு செய்யலாம். அவர்கள் பேசும் மலைத் தமிழில் இருக்கும் சொற்களைத் தனியாகப் பட்டியல் போட்டு, பக்கத்தில் பாடப்புத்தகச் சொல்லை எழுதலாம். தங்கள் வீட்டுப் பேச்சு தவறானதல்ல, இன்னொரு தமிழ் என்று பிள்ளைக்குப் புரியும். வகுப்பில் வாய் திறக்கும் தைரியம் அங்கிருந்துதான் வரும்.

கதைப் புத்தகம் வாங்க வசதியில்லை என்றால், பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. சிக்னல் இருக்கும் இடத்தில் தரவிறக்கிக்கொண்டு வந்தால், வீட்டில் இணையம் இல்லாமலேயே படிக்கலாம். எழுத்து தெரியாத அம்மா படத்தைப் பார்த்துக் கதை சொல்லட்டும். பிள்ளை எழுத்தைப் படித்து, “அம்மா, அப்படி இல்ல, இப்படித்தான் போட்டிருக்கு” என்று திருத்தட்டும். அந்தத் திருத்தலில் பிள்ளைக்கு வரும் பெருமிதத்தை எந்தப் பரிசும் தராது.

தெரியாத அம்மாவே நல்ல துணை

பாடம் தெரியாதவர் துணை நின்றால் பயன் உண்டா என்ற கேள்விக்கு ஒரு தமிழ்க் கிராமம் பதில் சொல்லியிருக்கிறது. கல்வி ஆய்வாளர் சுகதா மித்ரா, சுனாமி தாக்கிய காளிக்குப்பம் என்ற ஊரில் ஒரு சோதனை செய்தார். தமிழ் மட்டுமே பேசும் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம், ஒரு கணினியில் ஆங்கிலத்தில் உள்ள மூலக்கூறு உயிரியல் பாடத்தைக் கொடுத்துவிட்டு, ஆசிரியர் யாரையும் வைக்காமல் போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்துத் தேர்வு வைத்தபோது, பூஜ்ஜியத்தில் இருந்தவர்கள் சுமார் 30 சதவீதம் எட்டியிருந்தார்கள். அதன் பிறகு உள்ளூர் இளம்பெண் ஒருவரைத் துணைக்கு வைத்தார். அவருக்கு உயிரியல் தெரியாது. செய்யச் சொன்னது ஒன்றே ஒன்று: பாட்டிபோல் பின்னால் நின்று, “அட! இது என்ன? எப்படிச் செஞ்சே? எனக்கும் காட்டு” என்று வியக்க வேண்டும். அடுத்த இரண்டு மாதத்தில் மதிப்பெண் 50 சதவீதம் ஆனது. 2010-ல் இந்த ஆய்வு வெளியானது.

இது சிறிய சோதனைதான். ஆசிரியரே வேண்டாம் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்ட முடியாது. ஆனால் “எனக்குத் தெரியாதே” என்று ஒதுங்கும் அம்மாவுக்கும் பாட்டிக்கும் இதில் தெம்பு இருக்கிறது. தெரியாதவர் கேட்கும் கேள்விக்குப் பிள்ளை விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். விளக்கும்போதுதான் தனக்கு எது புரிந்தது, எது புரியவில்லை என்று அதற்கே தெரியும்.

எதைத் தவிர்க்கலாம்?

வீட்டுக் கற்றலைக் கசக்க வைப்பவை சில உண்டு. முதலாவது, ஒப்பீடு. “மேல வீட்டுப் பிள்ளையப் பாரு” என்ற ஒரு வார்த்தை பத்து நாள் உற்சாகத்தைக் கொன்றுவிடும். இரண்டாவது, உடனுக்குடன் திருத்துவது. பிள்ளை ஆசையாக எழுதிய கதையில் முதலில் எழுத்துப் பிழையைத் தேடினால், அடுத்த கதை வராது. கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, மறுநாள் இரண்டு சொற்களை மட்டும் திருத்தினால் போதும்.

மூன்றாவது, பெற்றோரே செய்து முடித்துவிடுவது. கோணலாக இருந்தாலும் பிள்ளை செய்த மயில்தான் மயில். நான்காவது, நேரத்தை இழுப்பது. ஐந்து வயதுக்குக் கீழ் பத்து நிமிடம் போதும். பத்து வயது வரை அரை மணி. அதற்கு மேல் அவர்களே கேட்டால் மட்டும் தொடரலாம். “இன்னும் கொஞ்சம்” என்று பிள்ளை கெஞ்சும்போதே நிறுத்துவது கெட்டிக்காரத்தனம்.

பள்ளியும் வேண்டும்

இவ்வளவு சொன்ன பிறகு, பள்ளியை விட்டே நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கலாமா என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். நகரங்களில் சில குடும்பங்கள் அப்படிச் செய்கின்றன. அவர்களுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் வழி தருகிறது. பள்ளிக்குப் போகாமலேயே 14 வயது நிரம்பியவர்கள் அதன் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதிவு செய்யலாம். பிறகு பன்னிரண்டாம் வகுப்பும் உண்டு.

ஆனால் அது நேரமும் பணமும் புத்தகமும் உள்ள வீடுகளுக்கு ஏற்ற வழி. மலைக்கிராமத்துக்குப் பள்ளி என்பது பாடம் மட்டுமல்ல. மதியச் சோறு, நண்பர்கள், உடல்நலச் சோதனை, சிறு வயதுத் திருமணத்திலிருந்தும் கூலி வேலையிலிருந்தும் கிடைக்கும் பாதுகாப்பு, எல்லாம் அந்தக் கட்டடத்தில்தான் இருக்கின்றன. 19 மாதம் மூடிக் கிடந்தபோது இழந்தது இவை அத்தனையையும்தான். ஆறு முதல் பதினான்கு வயது வரை கட்டாய இலவசக் கல்வி என்பது 2009-ம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை. அதை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. பள்ளிக்குப் பிந்தைய மாலையும், விடுமுறை நாளும், உண்டு உறைவிடப் பள்ளியிலிருந்து பிள்ளை வீட்டுக்கு வரும் வாரமும் போதும்.

பக்கத்திலேயே இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. தர்மபுரி மாவட்டம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கிலும் கொல்லிமலையைப் போலவே மலையாளிப் பழங்குடியினர்தான் வாழ்கிறார்கள். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர் அது. கேரளத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அங்கே 2004-ல் ‘துளிர்’ என்ற கற்றல் மையம் தொடங்கப்பட்டது. பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் அங்கே படிப்பதோடு கைவேலையும் செய்து பழகினார்கள். பள்ளிக்கு எதிராக நிற்காமல், பள்ளி முடிந்த பிறகு கை கொடுத்தது அந்த மையம்.

இந்த வாரம் தொடங்க நினைப்பவர்கள் எல்லாவற்றையும் செய்ய வேண்டாம். மூன்று கொட்டாங்குச்சியோ, ஒரு மழை டப்பாவோ, ஒரு பழைய கதையோ போதும். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு. அட்டையில் பிள்ளையின் பெயர் இருக்கட்டும். பார்த்தது, எண்ணியது, கேட்டது, புரியாதது என எல்லாவற்றையும் அதில் எழுதலாம், வரையலாம். அதற்கு மதிப்பெண் கிடையாது.

இரவுச் சாப்பாட்டின்போது, “இன்னிக்கு ஸ்கூல்ல என்ன சொல்லித் தந்தாங்க?” என்ற வழக்கமான கேள்வியை ஒரு நாள் மாற்றிப் பார்க்கலாம். “இன்னிக்கு நீ டீச்சர்கிட்ட என்ன கேட்டே?” என்று விசாரிக்கலாம். முதல் நாள் பதில் வராது. இரண்டாம் நாளும் வராமல் போகலாம். மூன்றாம் நாள், கேட்பதற்கென்றே ஒரு கேள்வியோடு பிள்ளை பள்ளிக்குக் கிளம்பும்.